பாட்டும் பட்டாவும் – 9: எல்விஸுக்குப் பாட்டு உண்டு, பங்கு இல்லை

வேலையை விட்டுப் போக வேண்டும். முதலாளியோ விடுவதாக இல்லை. பேசிப் பார்த்தாயிற்று, சண்டை போட்டும் பார்த்தாயிற்று. கடைசியில் டாலி பார்ட்டன் வீட்டுக்குப் போய் ஒரு பாட்டு எழுதினார். மறுநாள் முதலாளியின் அறைக்குப் போய், அவரை உட்காரவைத்துப் பாடிக் காட்டினார். பாட்டு முடிந்தபோது முதலாளியின் கண்கள் கலங்கியிருந்தன. நீ எழுதியதிலேயே இதுதான் சிறந்தது, போவதென்றால் போய்க்கொள், ஆனால் இந்த ரெக்கார்டை நான்தான் தயாரிப்பேன் என்றாராம். எத்தனையோ பேட்டிகளில் டாலி சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை இது.

அந்தப் பாட்டுதான் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. உலகம் முழுக்கக் காதலர்கள் தங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கும் இந்தப் பாட்டு, பிறந்தபோது ஒரு ராஜினாமா கடிதம். சொந்தம் கொண்டாடாமல், வாழ்த்திவிட்டு, விலகிப் போகிறேன் என்பதுதான் அதன் சாரம். முதலாளிக்குச் சொன்னாலும் காதலனுக்குச் சொன்னாலும் பொருந்துகிற விஷயம்தானே?

போன வாரம் நாம் பார்த்த மெக்ஸிகோவின் 'பெசமே மூச்சோ' போலவே இதையும் ஏராளமானவர்கள் பாடியிருக்கிறார்கள். ஆனால் இந்தப் பாட்டின் கதையில் யார் எப்படிப் பாடினார்கள் என்பது பாதிதான். யார் பாடாமல் போனார், ஏன் பாடாமல் போனார் என்பது மீதிப் பாதி.

முதலாளியும் பாடகியும்

டாலி பார்ட்டன் 1946-இல் டென்னசி மாநிலத்தின் மலைப்பகுதியில் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவது. வறுமை என்றால் அப்படியொரு வறுமை. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு நாஷ்வில் நகரத்துக்குப் பஸ் ஏறினார். கன்ட்ரி இசையின் தலைநகரம் அது.

1967-இல் போர்ட்டர் வாகனர் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் டாலியைச் சேர்த்துக்கொண்டார். கல் பதித்துப் பளபளக்கும் கோட்டு, தூக்கி வாரிய தலைமுடி என்று வாகனர் அந்தக் காலத்துக் கன்ட்ரி நட்சத்திரம். இருவரும் சேர்ந்து பாடிய பாடல்கள் வரிசையாக வெற்றி பெற்றன. ஐந்து வருஷம் இருக்கிறேன் என்று சொல்லிச் சேர்ந்த டாலி ஏழு வருஷம் இருந்தார். தனியாக வளர வேண்டும் என்ற ஆசை அவருக்கு. நான் வளர்த்த பெண் என்ற எண்ணம் வாகனருக்கு. நம் ஊர் நாடகக் கம்பெனிகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த முடிச்சு புதிதாக இருக்காது.

1973 ஜூனில் நாஷ்வில் ஆர்.சி.ஏ. ஸ்டூடியோவில் பாட்டு பதிவானது. 1974 மார்ச்சில் வெளியாகி, ஜூனில் பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதோடு கதை சுபமாக முடிந்துவிடவில்லை. 1979-இல் வாகனர் டாலிமீது பெரும் தொகை கேட்டு வழக்குப் போட்டார். கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆனது. பிறகு காலப்போக்கில் மனக்கசப்பும் கரைந்தது. 2007-இல் கிராண்ட் ஓல் ஆப்ரி அரங்கில் வாகனரின் ஐம்பதாண்டு விழா நடந்தபோது, டாலி மேடையேறி அவருக்காகவே இந்தப் பாட்டைப் பாடினார். அதே ஆண்டு அக்டோபரில் வாகனர் காலமானார்.

டாலி எழுதிய பாடல்களை வெளியிட்ட பதிப்பு நிறுவனத்தின் பெயர் ஓவ்-பார். ஓவன்ஸ், பார்ட்டன் என்ற இரண்டு பெயர்களின் தலைப்பகுதிகள். பில் ஓவன்ஸ் டாலியின் தாய்மாமன். சிறு வயதிலேயே அவரை வானொலிக்கும் மேடைக்கும் கூட்டிப் போனவர். அந்த மாமனும் மருமகளும் சேர்ந்து வைத்த சின்னக் கம்பெனியின் காகிதங்கள்தான், அடுத்து வரப்போகிற நெருக்கடியில் டாலியைக் காப்பாற்றின.

கர்னல் கேட்ட பாதி

பாட்டு முதலிடம் பிடித்த கொஞ்ச நாளில், எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்புகிறார் என்று தகவல் வந்தது. கன்ட்ரி பாடகி ஒருவருக்கு அதைவிடப் பெரிய அங்கீகாரம் அன்று கிடையாது. டாலி ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். பதிவு நாள் நெருங்கியபோது எல்விஸின் மேனேஜர் கர்னல் டாம் பார்க்கரிடமிருந்து போன். எல்விஸ் பாட வேண்டுமானால் பாட்டின் பதிப்புரிமை வருமானத்தில் பாதி எங்களுக்கு வர வேண்டும், இது எங்கள் வழக்கம் என்றார்.

வழக்கம் என்று அவர் சொன்னது பொய்யில்லை. எல்விஸின் ஆரம்ப காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு இருந்தது. 'டோன்ட் பி குரூவல்' பாட்டை எழுதியவர் ஓட்டிஸ் பிளாக்வெல் என்ற கறுப்பினக் கலைஞர். 1956-இல் வெளியான அந்த ரெக்கார்டில் எழுதியவர்கள் என்ற இடத்தில் அவர் பெயரோடு எல்விஸ் பெயரும் இருக்கும். எல்விஸ் பாடினால் லட்சக்கணக்கில் விற்கும், பாதி போனாலும் மீதிப் பாதியே பெரும் பணம் என்று கணக்குப் போட்டு எழுதியவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

டாலிக்கு அப்போது வயது 28. முடியாது என்றார். அன்று இரவு முழுக்க அழுததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். என் பாடல்கள்தான் என் குடும்பத்துக்கு நான் விட்டுப் போகும் சொத்து, அதைப் பங்கு போட மாட்டேன் என்பது அவர் வாதம். எல்விஸ் அந்தப் பாட்டைப் பதிவு செய்யவே இல்லை. 1977-இல் இறந்துபோனார்.

இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் டாலி எல்விஸை மறுத்துவிட்டார் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இங்கேதான் சட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1909-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பாட்டு உரியவர் சம்மதத்தோடு ஒருமுறை ரெக்கார்டாக வெளிவந்துவிட்டால், அதன்பிறகு யார் வேண்டுமானாலும் அதைத் தன் குரலில் பதிவு செய்து விற்கலாம். எழுதியவரிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஒரு பிரதிக்கு இவ்வளவு என்று சட்டம் விதித்த தொகையைக் கொடுத்தால் போதும். 1974-இல் அந்தத் தொகை ஒரு பிரதிக்கு 2 சென்ட்.

ஆக, எல்விஸ் அந்தப் பாட்டைப் பாட டாலியின் தயவு தேவைப்படவே இல்லை. பிரதிக்கு 2 சென்ட் வைத்துவிட்டுப் பாடியிருக்கலாம். டாலியால் தடுத்திருக்கவும் முடியாது, அவருக்குத் தடுக்கும் எண்ணமும் இல்லை. பார்க்கர்தான் பாடமாட்டோம் என்று பின்வாங்கினார். டாலி மறுத்தது ஒரு குரலை அல்ல, ஒரு கையெழுத்தை.

விடுபட்ட சரணம்

எல்விஸ் போனார், லிண்டா ரோன்ஸ்டாட் வந்தார். 1975-இல் 'பிரிசனர் இன் டிஸ்கைஸ்' என்ற ஆல்பத்தில் அவர் இதைப் பாடினார். டாலியின் மலைநாட்டு நெளிவுகள் இல்லாத, கலிஃபோர்னியா ராக் உலகத்துக்கு ஏற்ற குரல். ஹிட் வரிசையில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஆனாலும் இந்தப் பதிவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1982-இல் டாலியே ஒரு சினிமாவுக்காக மறுபடி பாடினார். மறுபடியும் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். ஒரே பாடகி ஒரே பாட்டை இரண்டு தனித்தனிப் பதிவுகளில் முதலிடத்துக்குக் கொண்டுபோனது அந்தப் பட்டியலில் அதுவே முதல்முறை. பத்தாண்டு கழித்து நடந்ததோ இதையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிவிட்டது.

'தி பாடிகார்ட்' படத்தில் விட்னி ஹூஸ்டன் பாடகியாகவே நடித்தார். கெவின் காஸ்ட்னர் மெய்க்காப்பாளர், படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரும்கூட. இறுதிக் காட்சிக்கு முதலில் தேர்ந்தெடுத்திருந்தது ஜிம்மி ரஃபின் 1966-இல் பாடிய வேறொரு பாட்டு. அதே பாட்டு இன்னொரு படத்தில் வந்துவிட்டது என்று தெரிந்ததும் மாற்றுப் பாட்டைத் தேடினார்கள். காஸ்ட்னர் லிண்டா ரோன்ஸ்டாட்டின் பழைய பதிவை எடுத்துக்கொண்டு வந்தார். தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் அதை வைத்துத்தான் இசைக்கோவையை அமைக்கத் தொடங்கினார்.

ரோன்ஸ்டாட் பதிவில் ஒரு குறை. டாலியின் மூலப் பாட்டில் மூன்றாவது சரணம் ஒன்று உண்டு. போகிறவள் நின்று வாழ்த்துகிற இடம். டாலி அதைப் பாடாமல் வசனம்போலப் பேசியிருப்பார். ரோன்ஸ்டாட் அந்தச் சரணத்தையே விட்டுவிட்டார். விஷயத்தைச் சொல்ல ஃபாஸ்டர் டாலிக்குப் போன் செய்தபோது, கடைசிச் சரணம் இல்லாமல் பாட்டு முழுசாகாதே என்று டாலி போனிலேயே வரிகளைச் சொல்லிக் கொடுத்தாராம். இது ஃபாஸ்டர் சொன்ன கதை. அந்தச் சரணம் என்ன செய்தது என்பதை இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் புரிந்துவிடும்.

டாலியின் 1974 பதிவு மூன்று நிமிடத்துக்கும் குறைவு. கிட்டார், மெலிதான பின்னணி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல். உணர்ச்சி எங்கேயும் கரையை மீறுவதில்லை. பேச்சாக வரும் அந்தச் சரணத்தில் பாட்டு இன்னும் தணிந்துவிடுகிறது. போக வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டவளின் நிதானம் அது. அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று தெரிந்தவளின் குரல்.

விட்னியின் பதிவு நாலரை நிமிடம். முதல் முக்கால் நிமிடத்துக்கு வாத்தியமே இல்லை. தாளமும் இல்லை, ஆதார சுருதி கொடுக்கவும் ஆள் இல்லை, குரல் தனியாக நிற்கிறது. ரெக்கார்ட் கம்பெனிக்காரர்கள் இதை ஒப்பவில்லை. வாத்தியம் இல்லாமல் ஆரம்பித்தால் எந்த வானொலி போடும் என்று கேட்டார்கள். காஸ்ட்னர் விடாப்பிடியாக நின்றார். படத்தில் அந்தப் பெண் தன் காவலாளியை எவ்வளவு நேசிக்கிறாள் என்பதைக் காட்ட, குரல் தனியாகத்தான் தொடங்க வேண்டும் என்றார். அவர் சொன்னதே நடந்தது.

பிறகு ஒவ்வொன்றாக வாத்தியங்கள் சேர்கின்றன. நடுவில் கிர்க் வேலமின் சாக்ஸபோன். அது ஓய்ந்ததும், போனில் வந்த அந்த மூன்றாவது சரணம். விட்னி அதைப் பேசவில்லை. அடக்கிப் பாடுகிறார். சரணம் முடிகிறது, எல்லாம் ஒரு கணம் நின்றுபோகிறது. அப்புறம் டிரம்மில் ஒற்றை அடி. நம் மெல்லிசை மேடைக்காரர்கள் பாஷையில் சொன்னால், அங்கே ஸ்கேல் மாறுகிறது. ஏ மேஜரிலிருந்து பி மேஜர், முழுதாக ஒரு படி மேலே. அந்த உயரத்திலிருந்து குரல் பல்லவியில் இறங்குகிறது. பாடத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இந்த முப்பது வருஷமாகப் பாட்டுப் போட்டிகளில் கால் இடறி விழுவது சரியாக அந்த இடத்தில்தான். மூன்றாவது சரணம் இல்லாமல் போயிருந்தால் அந்த அடிக்கு முன்னால் ஓடிவரக் களமே இருந்திருக்காது.

டாலி அடங்கிப்போன இடத்திலிருந்து விட்னி எழுந்தார். வரிகள் அவைதான், மெட்டும் அதுதான். டாலியிடம் போகிறவள் தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். விட்னியிடம் போகிறவள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போகிறாள். இரண்டையும் தாங்க இந்தப் பாட்டால் முடிந்ததற்குக் காரணம் அதன் எளிமை. ஊர், பேர், நடந்த சம்பவம் எதுவும் பாட்டில் கிடையாது. பாட வருகிறவர் தன் கதையைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எவ்வளவு?

1992 நவம்பரில் விட்னியின் பதிவு வெளியானது. பில்போர்டு பட்டியலில் தொடர்ந்து 14 வாரம் முதலிடம், அன்றைக்கு அது புதிய சாதனை. 1994-இல் ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி விருது. டாலி இதை முதன்முதலில் கேட்டது கார் ஓட்டிக்கொண்டிருந்தபோதாம். எங்கேயோ கேட்ட வரியாக இருக்கிறதே என்று யோசித்து, பல்லவி வந்ததும்தான் தன் பாட்டு என்று உறைத்து, வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று என்கிறார்.

இனி இந்தத் தொடரின் தலைப்புக்கு வருவோம். பாட்டை நிலம் என்று வைத்துக்கொண்டால் பட்டா டாலி பெயரில், விளைச்சல் விட்னியுடையது. 1992-இல் சட்டப்படியான தொகை பிரதிக்கு 6.25 சென்ட்டாக உயர்ந்திருந்தது. அமெரிக்காவில் அந்த சிங்கிள் அப்போது 40 லட்சம் பிரதிக்கான சான்று பெற்றது. முழு விகிதத்தில் பெருக்கினால் இரண்டரை லட்சம் டாலர். இது சிங்கிளுக்கு மட்டும். அதே பாட்டு இடம்பெற்ற படத்தின் ஆல்பம் உலகம் முழுக்க 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்தக் கணக்கு தனி.

வானொலிக் கணக்கு இன்னும் விசித்திரமானது. அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால், எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் மட்டுமே பணம் கொடுக்க வேண்டும். பாடியவருக்கும் ரெக்கார்ட் கம்பெனிக்கும் காசு கிடையாது. பல நாடுகளில் பாடியவருக்கும் பங்கு உண்டு, அங்கே இன்றுவரை இல்லை. அதாவது அந்த 14 வாரமும் அதற்குப் பின்னும், விட்னியின் குரல் அமெரிக்க வானொலியில் ஒலித்த ஒவ்வொரு முறையும் பணம் டாலிக்குப் போனது, விட்னிக்குப் போகவில்லை. ரெக்கார்ட் விற்பனையில் விட்னி சம்பாதித்தார் என்பது உண்மை. ஆனாலும் அந்தக் குரல் இல்லாமல் அத்தனை முறை யார் அதைப் போட்டிருப்பார்கள்? நியாயமா என்று கேட்டால், எனக்கு இந்தச் சட்டம் அரைகுறையாகத்தான் படுகிறது. எழுதியவருக்குக் கொடுப்பது சரி, பாடியவரை வெறுங்கையோடு அனுப்புவது சரியில்லை.

1990-களில் மட்டும் இந்தப் பாட்டு டாலிக்கு ஒரு கோடி டாலர் ஈட்டித் தந்ததாக ஃபோர்ப்ஸ் பத்திரிகை கணக்கிட்டது. அந்தப் பணத்தில் நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஒரு கட்டட வளாகத்தை வாங்கியதாகவும், அது விட்னி கட்டிய வீடு என்றே தான் நினைப்பதாகவும் 2021-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் டாலி சொன்னார். 1974-இல் பார்க்கரிடம் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தத் தொகையில் ஒரு பங்கு ஆண்டாண்டாக எல்விஸின் தரப்புக்குப் போய்க்கொண்டிருந்திருக்கும்.

கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்

விட்னிக்குப் பிறகு பாட்டு எங்கெங்கோ போனது. 1993-லேயே பிரிட்டனில் சாரா வாஷிங்டன் அதை டான்ஸ் பாட்டாக்கினார். 1995-இல் டாலியும் வின்ஸ் கில்லும் ஜோடியாகப் பாடினார்கள். அதுவும் கன்ட்ரி பட்டியலில் ஏறியது. 2002-இல் ஈராக்கில் சதாம் ஹுசேன் தன் பதவி நீட்டிப்புக்கு வாக்கெடுப்பு நடத்தியபோது பிரசாரத்துக்கு ஒலித்ததும் இதே பாட்டு என்று அன்றைய செய்திகள் சொன்னன. போய்வருகிறேன் என்கிற பாட்டைப் போகவே மாட்டேன் என்கிறவர் பிடித்துக்கொண்டார். அவருக்கு 100 சதவீத ஆதரவு என்று முடிவும் அறிவித்தார்கள்.

பிரிவுப் பாட்டு என்று தெரியாமலோ, தெரிந்தும் கவலைப்படாமலோ கல்யாணங்களில் இதைப் போடுகிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம். துக்க வீட்டுக்கும் இது பொருந்திவிடுகிறது. 2012 பிப்ரவரி 11-ஆம் தேதி விட்னி 48 வயதில் இறந்தார். மறுநாளே கிராமி விழா. ஜெனிஃபர் ஹட்சன் மேடையேறி, ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல் இதைப் பாடினார். விட்னியின் உச்சங்களை அவர் எட்டிப்பிடிக்க முயலவில்லை, அதனாலேயே அது நன்றாக இருந்தது. ஒரு வாரம் கழித்து நியூவர்க் நகரத் தேவாலயத்திலிருந்து விட்னியின் சவப்பெட்டியைத் தூக்கிச் சென்றபோது அவருடைய பதிவையே ஒலிக்கவிட்டார்கள். பாட்டு மறுபடி பில்போர்டு பட்டியலில் நுழைந்து மூன்றாம் இடம்வரை வந்தது.

நம் ஊர்க் கணக்கு

அதே 2012-இல்தான் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் திருத்தப்பட்டது. சினிமாவுக்குப் பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்குரிய பங்கை வாரிசுகளுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர இனி வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றது அந்தத் திருத்தம். ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து இதற்காகப் போராடினார். பார்க்கர் கேட்டது போன்ற கையெழுத்தை இந்தியாவில் ஒரு கவிஞரிடம் வாங்கினாலும் அந்தப் பங்கைப் பொறுத்தவரை அது செல்லாது. டாலி பிடிவாதமாகக் காப்பாற்றியதை இங்கே சட்டமே காப்பாற்றித் தருகிறது, ஏட்டளவிலாவது.

கவர் பாடுவதற்கு நம் சட்டம் கடுமையானது. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆன பிறகே சட்டப்படியான உரிமம் கேட்க முடியும். வருஷத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும். பாட்டை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. இந்த விதியை அப்படியே வைத்தால், 1974-இல் வந்த பாட்டை லிண்டா ரோன்ஸ்டாட் 1975-இல் சட்ட உரிமத்தில் பாடியிருக்க முடியாது. ஒரு சரணத்தை வெட்டியிருக்கவும் முடியாது. அந்தப் பதிவு இல்லையென்றால் காஸ்ட்னர் கையில் எதைக் கொண்டுவந்திருப்பார்?

2017-இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தபோது தமிழ்நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது. பாடியவருக்கு உரிமை இல்லையா என்றார்கள் ஒரு பக்கம், படைத்தவருக்கு உரிமை இல்லையா என்றார்கள் மறுபக்கம். இரண்டு கேள்விகள் அதில் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. இவர் பாடலாமா என்பது ஒரு கேள்வி. பாடினால் யாருக்கு என்ன போக வேண்டும் என்பது வேறு கேள்வி. பார்க்கர் 1974-இல் டாலியிடம் விளையாடிப் பார்த்ததும் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான்: பாட வேண்டுமா, பாதியைக் கொடு. டாலி முடிச்சைப் பிரித்தார். பாடு, யார் வேண்டுமானாலும் பாடு, எப்படி வேண்டுமானாலும் பாடு, பங்கு மட்டும் கேட்காதே. பாட்டுரிமைத் தகராறு அடுத்த முறை செய்தியில் வரும்போது, முதலில் எந்தக் கேள்வியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

(அடுத்த வாரம்: பட்டாவே தகராறில் இருந்தால்? ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தங்களுடையது என்று உரிமை கொண்டாடிய கிழக்கு ஆப்பிரிக்கக் காதல் பாட்டு 'மலைக்கா'.)